வட அயர்லாந்தின் பிரிவு 75: சம வாய்ப்பை வளர்க்கும் சட்டக் கடமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்டில் சொந்தச் சட்டமன்றமும் அமைச்சரவையும் உண்டு. லண்டன் நாடாளுமன்றம் 1998-இல் இயற்றிய வட அயர்லாந்துச் சட்டம் அந்த அதிகாரங்களைப் பிரித்துக் கொடுத்தது. அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அதிகாரத்தோடு ஒரு கடமையையும் சேர்த்தே கட்டிவிட்டது. சட்டம் படிப்பவர்களும், அரசு நிர்வாகத்தைக் கவனிப்பவர்களும், அங்கே குடியிருக்கும் தமிழர்களும் அந்தக் கடமையைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பிரிவு 75 என்னதான் சொல்கிறது?

இரண்டு உட்பிரிவுகள். முதலாவதன்படி, ஒரு பொது அமைப்பு வட அயர்லாந்து தொடர்பான தன் பணிகளைச் செய்யும்போது, சம வாய்ப்பை வளர்க்க வேண்டிய தேவைக்கு உரிய கவனம் தர வேண்டும். யார் யாருக்கு இடையே என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: மத நம்பிக்கை, அரசியல் கருத்து, இனக்குழு, வயது, மண நிலை, பாலியல் நாட்டம் ஆகியவற்றில் வேறுபட்டவர்களுக்கு இடையே, பொதுவாக ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே, மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே, தம்மைச் சார்ந்து வாழ்பவர்கள் உள்ளவர்களுக்கும் அப்படி யாரும் இல்லாதவர்களுக்கும் இடையே. ஆக மொத்தம் ஒன்பது வகைகள்.

இரண்டாவது உட்பிரிவு நல்லுறவைப் பற்றியது. மத நம்பிக்கை, அரசியல் கருத்து, இனக்குழு ஆகிய மூன்றில் வேறுபட்டவர்களுக்கு இடையே நல்லுறவை வளர்ப்பது விரும்பத்தக்கது என்பதையும் அமைப்பு கருத்தில் கொள்ள வேண்டும்.

இவை 2000 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தன.

‘சார்ந்து வாழ்பவர்கள்’ என்றால் குழந்தைகள் மட்டும்தானா?

இல்லை. இந்தக் கடமையை மேற்பார்க்கும் சமத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி, ஒரு குழந்தையையோ, கடுமையான மாற்றுத்திறன் உள்ளவரையோ, பிறர் துணையின்றி வாழ முடியாத முதியவரையோ பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர் இந்த வகையில் வருவார். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகனும் இதில் அடக்கம். படிவம் நிரப்பும் அதிகாரிகள் அதிகம் மறந்துவிடுகிற வகை இதுதான்.

வறுமையும் மொழியும் பட்டியலில் உண்டா?

ஒன்பதில் அவை இல்லை, வசிப்பிடமும் இல்லை. ஆனால் இந்த மூன்றும் ஒன்பது வகைகளுக்குள் வேர் விட்டிருப்பவை. ஒரு நலத்திட்டத்தை வெட்டினால் அடி விழுவது ஏழைகள் மீது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பிரிவு 75 அசையாது. அந்த ஏழைகளில் தனியாகக் குழந்தை வளர்க்கும் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று காட்டினால் அசையும்.

மொழிக்கு நல்ல எடுத்துக்காட்டு லியோஃபா உதவித்தொகை. அயர்லாந்து மொழி பேசப்படும் டொனெகால் பகுதிக்குப் போய் மொழி கற்பதற்கான 50,000 பவுண்டு நிதி அது. 2016 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சமூகங்களுக்கான துறை அதை நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த மாதமே முடிவு திரும்பப் பெறப்பட்டது. மொழி பட்டியலில் இல்லைதான். ஆனால் அங்கே அயர்லாந்து மொழியின் மீதான பற்று மத நம்பிக்கையோடும் அரசியல் கருத்தோடும் பின்னிப் பிணைந்தது. ஒரு மனித உரிமை அமைப்பின் புகாரை விசாரித்த சமத்துவ ஆணையம், துறை தன் சமத்துவத் திட்டத்தின்படி (கடமையை எப்படி நிறைவேற்றுவோம் என்று அது எழுதி வெளியிட்ட உறுதி) நடக்கவில்லை என்றே முடிவு செய்தது.

இப்படி ஒரு சட்டம் ஏன் அங்கே தேவைப்பட்டது?

ஒரு வீட்டிலிருந்து தொடங்கலாம். 1968 ஜூனில் டைரோன் மாவட்டத்தின் காலிடன் கிராமத்தில், உள்ளாட்சி வீடு ஒன்று திருமணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் ஒரு யூனியனிஸ்ட் (ஐக்கிய இராச்சியத்தோடு இணைந்திருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான தரப்பு) அரசியல்வாதியிடம் செயலராக இருந்தவர். குழந்தை குட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் வரிசையில் காத்திருந்தன. சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அந்த வீட்டுக்குள் புகுந்து அமர்ந்து போராடினார். இரண்டே மாதத்தில் முதல் சிவில் உரிமைப் பேரணி நடந்தது.

ஒரு வீட்டுக்கு ஏன் இத்தனை கொந்தளிப்பு? அன்றைய உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலும் வீட்டுக்கு உரிமையாளரும் குத்தகையாளரும் அவர்களின் துணைவரும்தான் வாக்களிக்க முடியும். வீடு கொடுப்பதென்றால் வாக்கு கொடுப்பது. ஒதுக்கீட்டுப் பட்டியல் கையில் இருந்தவருக்குத் தேர்தல் முடிவும் கையில் இருந்தது. பின்னால் 1971-இல் வீடு ஒதுக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடமிருந்து பிடுங்கப்பட்டு வீட்டுவசதி நிர்வாகத்திடம் தரப்பட்டது இதனால்தான்.

வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்க 1976-லும் 1989-லும் சட்டங்கள் வந்தன. அவை வேலைவாய்ப்போடு நின்றன. கொள்கை வகுக்கும் மேசையிலேயே கேள்வியை எழுப்பும் முயற்சி 1994-இல் தொடங்கியது. ஒவ்வொரு கொள்கையும் நியாயமாக நடத்துகிறதா என்று பார்க்கும்படி அரசுத் துறைகளுக்கு வழிகாட்டுதல் தரப்பட்டது. அது வெறும் சுற்றறிக்கை. சட்ட பலம் இல்லை. துறைகள் விரும்பினால் பார்த்தன, இல்லாவிட்டால் விட்டன. அந்த அனுபவத்தைக் கண்டவர்கள்தான் ‘இது சட்டமாக வேண்டும்’ என்று, இரு தரப்புக்கும் இடையே பல பத்தாண்டுகள் நீடித்த மோதலை முடிக்க நடந்த அமைதிப் பேச்சுகளில் வற்புறுத்தினார்கள். 1998 ஏப்ரல் 10-ஆம் தேதி புனித வெள்ளி ஒப்பந்தத்தில் அது இடம்பெற்று, அதே ஆண்டு பிரிவு 75 ஆனது.

யார் யாரைக் கட்டுப்படுத்தும்?

பெல்ஃபாஸ்ட் அரசின் துறைகள், 11 உள்ளாட்சி மன்றங்கள், சுகாதார மற்றும் சமூக நல அறக்கட்டளைகள் (மருத்துவமனைகளை நடத்தும் அரசு அமைப்புகள்), கல்வி ஆணையம், வீட்டுவசதி நிர்வாகம், காவல்துறை, லண்டன் அரசின் வட அயர்லாந்து அலுவலகம் என்று பட்டியல் நீளும். லண்டனின் பிற அமைச்சகங்கள் தாமாக இதற்குள் வந்துவிடுவதில்லை. ஆணை பிறப்பித்துப் பெயர் சேர்த்தால்தான் வரும். தனித்தனிப் பள்ளிகள் இதில் இல்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தனியார் நிறுவனங்களும் இல்லை. ஆனால் ஒரு உள்ளாட்சி குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்தால், ஒப்படைக்கும் முடிவும் ஒப்பந்த நிபந்தனைகளும் உள்ளாட்சியின் பணிதான். கடமை அங்கே தொற்றிக்கொள்கிறது.

‘உரிய கவனம்’ என்றால் எவ்வளவு கவனம்?

சட்டம் ஒரு முடிவைத் திணிப்பதில்லை. முடிவெடுக்கும் முறையைத் திணிக்கிறது. எல்லாத் தாக்கங்களையும் அறிந்த பிறகும் ஒரு துறை கசப்பான முடிவை எடுக்கலாம். அறியாமல் எடுக்கக்கூடாது.

நீதிமன்றங்கள் சொல்லிவந்துள்ள அளவுகோல்கள் இவை. முடிவெடுப்பவருக்கே இந்தக் கடமை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள எழுத்தர் படிவம் நிரப்பியது போதாது. கவனம் முடிவுக்கு முன்பே செலுத்தப்பட வேண்டும். ஒப்புக்குக் கட்டம் போட்டு டிக் அடிப்பது கவனமாகாது. பொறுப்பை வேறொருவரிடம் தள்ளிவிட முடியாது. கொள்கை நடைமுறையில் இருக்கும் காலம் முழுக்கக் கடமையும் இருக்கும். எழுத்துப் பதிவு இல்லாமல் இவற்றையெல்லாம் செய்ததாக நிரூபிப்பது பெரும்பாடு.

சம வாய்ப்புக்கு ‘உரிய கவனம்’ என்றும், நல்லுறவுக்கு வெறும் ‘கவனம்’ என்றும் சட்டம் வேறுபடுத்துவதைக் கவனியுங்கள். தவிர, முதல் கடமைக்குக் குந்தகம் இல்லாமல்தான் இரண்டாவது என்று சட்டமே சொல்கிறது. எனவே, ‘இந்த வீடுகளை இங்கே கட்டினால் பக்கத்துச் சமூகத்துக்குப் பிடிக்காது, நல்லுறவு கெடும்’ என்று சொல்லித் தேவையுள்ளவருக்கு வீடு மறுக்க முடியாது. நல்லுறவுக் கடமையைத் தடை அதிகாரம் போலப் பயன்படுத்துவது அங்கே அடிக்கடி நடக்கும் பிழை. சட்டத்தை வாசித்தாலே அந்த வாதம் நிற்காது.

இது இடஒதுக்கீடா?

இல்லை. தமிழ் வாசகர்களுக்குச் சமத்துவச் சட்டம் என்றதும் இடஒதுக்கீடு நினைவுக்கு வருவது இயல்பு. பிரிவு 75 யாருக்கும் ஒரு இடத்தையும் ஒதுக்குவதில்லை. வட அயர்லாந்தில் ஒதுக்கீட்டுக்கு நெருக்கமாக இருந்தது காவல்துறை ஆள்சேர்ப்பு. 2001 முதல் 2011 வரை, தகுதி பெற்றவர்களில் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று எடுத்தார்கள். 8 சதவீத அளவில் இருந்த கத்தோலிக்கக் காவலர் பங்கு சுமார் 30 சதவீதமானது. அதற்கு 2000-ஆம் ஆண்டு தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

சமத்துவத் திட்டம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு பொது அமைப்பும் ‘இந்தக் கடமையை நாங்கள் இப்படி நிறைவேற்றுவோம்’ என்று எழுதி, சமத்துவ ஆணையத்தின் ஒப்புதல் பெற்று வெளியிடும் ஆவணம். சட்டத்தின் 9-ஆவது அட்டவணை அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: கொள்கைகளின் தாக்கத்தை எப்படி மதிப்பிடுவார்கள், யாரிடம் எப்படிக் கருத்துக் கேட்பார்கள், பாதகமான விளைவுகளை எப்படிக் கண்காணிப்பார்கள், முடிவுகளை எப்படி வெளியிடுவார்கள், ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவார்கள், தகவலும் சேவையும் மக்களுக்கு எட்டும்படி எப்படி உறுதி செய்வார்கள். ஐந்து ஆண்டுக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் ஆணையத்துக்கு முன்னேற்ற அறிக்கை போகும்; வழக்கமான கெடு ஆகஸ்ட் 31.

இந்த ஆவணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புகார் கொடுக்கும்போது நீங்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு இதுதான். ‘பிரிவு 75-ஐ மீறினார்கள்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் புகார் நீர்த்துப்போகும். ‘உங்கள் திட்டத்தின் இந்தப் பத்தியில் இப்படி உறுதி சொன்னீர்கள், செய்யவில்லை’ என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்கிரீனிங் எப்படிச் செய்கிறார்கள்?

ஸ்கிரீனிங் ஒரு சல்லடை. எந்தக் கொள்கைக்கு முழு மதிப்பீடு தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிக்கும் வேலை. கொள்கை என்பதற்கு இங்கே அகலமான பொருள்: புதியது, பழையது, எழுதியது, எழுதாமல் வழக்கத்தில் இருப்பது, எல்லாமே. நான்கு கேள்விகள் கேட்பார்கள். ஒன்பது வகையினரின் சம வாய்ப்பில் இதன் தாக்கம் பெரியதா, சிறியதா, ஒன்றுமில்லையா? சம வாய்ப்பை இன்னும் நன்றாக வளர்க்க இதில் வழி உண்டா? நல்லுறவில் இதன் தாக்கம் எவ்வளவு? நல்லுறவை இன்னும் நன்றாக வளர்க்க வழி உண்டா?

விடை மூன்றில் ஒன்றாக முடியும். முழுத் தாக்க மதிப்பீட்டுக்கு அனுப்புவது. மதிப்பீடு வேண்டாம், ஆனால் தணிப்பு நடவடிக்கைகளோடு அல்லது மாற்றுக் கொள்கையோடு போகலாம் என்பது. அப்படியே போகலாம் என்பது.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு உள்ளாட்சி தன் ஊர்களில் உள்ள நேர்முகச் சேவை முகப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடி, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்ற நினைக்கிறது. அவசரக்காரர் படிவத்தில் ‘எல்லோருக்கும் ஒரே விதி, தாக்கம் இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவார். உட்கார்ந்து யோசிப்பவர் வேறு மாதிரி எழுதுவார். வயதானவர்களில் இணையம் பயன்படுத்தாதவர் அதிகம். 2021 சென்சஸ்படி வட அயர்லாந்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையைக் கட்டுப்படுத்தும் நெடுநாள் உடல்நலக் குறை உண்டு; பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு இணையதளம் ஒத்துவருமா? காது கேளாதவரிடம் ‘போன் செய்யுங்கள்’ என்றால் என்ன பயன்? புதிதாகக் குடியேறி ஆங்கிலம் திக்கித் திணறிப் பேசுபவருக்கு முகம் பார்த்துப் பேசும் முகப்புதான் பிடிமானம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு விண்ணப்பம் போட முடிவது, பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவருக்கு உண்மையிலேயே நன்மை; அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் தாக்கம் என்றால் பாதகம் மட்டுமல்ல.

மத நம்பிக்கை, அரசியல் கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் பலர் ‘பொருந்தாது’ என்று எழுதிவிடுவார்கள். பெல்ஃபாஸ்ட் தெருக்களை அறிந்தவர் அப்படி எழுத மாட்டார். மிச்சம் வைக்கும் அந்த ஒரே முகப்பு எந்தத் தெருவில் இருக்கிறது? விளக்குக் கம்பங்களில் ஒரு தரப்பின் கொடி பறக்கும் பகுதியில் இருந்தால், மறுதரப்பு மக்கள் பலர் அங்கே கால் வைக்கத் தயங்குவார்கள். முகவரியும் ஒரு கொள்கை முடிவுதான்.

கடைசியில் தணிப்பு: வாரம் இரண்டு நாள் நூலகத்தில் ஒரு மேசை, மொழிபெயர்ப்பு உதவியுள்ள தொலைபேசி, குறுஞ்செய்தி வழி, இரு தரப்பும் தயக்கமின்றி வரும் இடத்தில் முகப்பு. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தொடங்கும் தேதி, பணம் எங்கிருந்து என்பது பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முழுத் தாக்க மதிப்பீட்டில் என்ன நடக்கும்?

ஆணையத்தின் வழிகாட்டுதல் ஏழு படிகளாகச் சொல்கிறது: கொள்கையின் நோக்கத்தை வரையறுத்தல், தரவும் ஆய்வுகளும் திரட்டல், தாக்கத்தை மதிப்பிடல், தணிப்பும் மாற்றுக் கொள்கையும் பற்றி யோசித்தல், கலந்தாய்வு, முடிவெடுத்து அறிக்கை வெளியிடல், தொடர்ந்து கண்காணித்தல். முடிவெடுக்கும்போது மதிப்பீட்டையும் வந்த கருத்துகளையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று 9-ஆவது அட்டவணை கட்டாயப்படுத்துகிறது.

இவற்றில் நான்காவது படிதான் உயிர். அதுவே பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துபோகும் படியும். ‘வேறு வழிகள் ஆராயப்பட்டன’ என்ற ஒற்றை வாக்கியம் ஆராய்ச்சி ஆகாது. எந்த வழி, அதன் செலவு என்ன, ஏன் தள்ளப்பட்டது என்று இருக்க வேண்டும்.

எங்கே அதிகம் தவறு நடக்கிறது?

முதலும் முக்கியமும் காலம். முடிவு எடுத்து, செய்தி அறிக்கை விட்டு, அதற்குப் பிறகு படிவம் நிரப்புவது. 2023-இல் பட்ஜெட் வெட்டுகளின் தாக்கம் பற்றித் துறைகள் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் பன்னிரண்டு வாரக் கலந்தாய்வு முடிவதற்குள், வெட்டப்பட்ட திட்டத்தின் ஊழியர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். பிறகு கருத்தை ஏற்றாலும் திட்டத்தை எழுப்பி நிறுத்த ஆள் இருக்காது.

இரண்டாவது, தரவு இல்லை என்பதைத் தாக்கம் இல்லை என்று படிப்பது. பாலியல் நாட்டம், அரசியல் கருத்து ஆகியவற்றுக்கு நிர்வாகத் தரவு கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் அந்த மக்களோடு வேலை செய்யும் அமைப்புகளிடம் போய்க் கேட்க வேண்டும். கட்டத்தில் கோடு போட்டு நகர்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

மூன்றாவது, கொள்கையைத் துண்டு போடுவது. ஐந்து சிறு வெட்டுகளைத் தனித்தனியாகச் சலித்தால் ஒவ்வொன்றும் ‘சிறிய தாக்கம்’ என்று வரும். ஐந்தும் ஒரே மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றன என்பது எந்தப் படிவத்திலும் தெரியாது.

கலந்தாய்வில் நான் கருத்து எழுதினால் பயன் உண்டா?

உண்டு, எழுதும் விதத்தைப் பொறுத்து. கலந்தாய்வுக்கு வழக்கமாகக் குறைந்தது 12 வாரம் தருவார்கள். உங்கள் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: ஒன்பதில் எந்த வகை, அவர்களுக்கு என்ன ஆகும், அதற்கு என்ன ஆதாரம், எதை மாற்றலாம். ஆதாரம் என்றால் பல்கலைக்கழக ஆய்வு வேண்டியதில்லை. ‘எங்கள் பகுதியிலிருந்து அந்த மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், மாலை ஆறுக்குப் பிறகு இரண்டாவது பேருந்து இல்லை’ என்பதும் ஆதாரம்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி: ஸ்கிரீனிங்கில் ஒரு கொள்கையைத் தள்ளிவிட்டது தவறு என்று ஆதாரத்தோடு எழுதினால், அந்த ஸ்கிரீனிங் முடிவை மறுபடி பார்ப்பதாகப் பெரும்பாலான சமத்துவத் திட்டங்கள் உறுதி சொல்கின்றன. ஸ்கிரீனிங் அறிக்கைகளைப் பல அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் இணையதளத்தில் போடும். வந்ததும் பாருங்கள்.

வட அயர்லாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இனக்குழு என்பது நிறம், தேசியம், இன மரபு எல்லாவற்றையும் தழுவியது. ஆகவே நீங்களும் அந்த ஒன்பதுக்குள்தான். குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வட அயர்லாந்தின் சுகாதாரத் துறை அதற்கென ஒரு சேவை வைத்திருக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருந்தின் அளவு மாறிப்போனால் விளைவை அனுபவிப்பது பாட்டி.

புகார் கொடுப்பது எப்படி?

முதலில் அந்த அமைப்புக்கே எழுத வேண்டும். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். பல திட்டங்கள் ஒரு மாதம் என்று சொல்கின்றன. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சமத்துவ ஆணையத்துக்கு எழுத்தில் புகார். விஷயம் உங்களுக்கு முதலில் தெரிய வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். அமைப்பின் தவறு உங்களை நேரடியாகப் பாதித்தது என்பதையும் காட்ட வேண்டும். இது 9-ஆவது அட்டவணையின் 10-ஆம் பத்தி. ஆணையம் விசாரிக்க வேண்டும், அல்லது ஏன் விசாரிக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். புகார் இல்லாமலேயே ஆணையம் தானாக விசாரிக்கலாம்; அது 11-ஆம் பத்தி.

ஆணையத்தின் கையில் அபராதம் இல்லை, இழப்பீடு தரும் அதிகாரமும் இல்லை. பரிந்துரை செய்யும். அமைப்பு அதை நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் வட அயர்லாந்துக்கான லண்டன் அமைச்சரிடம் விஷயத்தை அனுப்பலாம். அவர் உத்தரவு போடலாம். இந்தச் சட்டத்தின் பலவீனமான மூட்டு இதுதான். அரசியல்வாதி ஒருவர் மனம் வைத்தால்தான் கடைசிப் படி நகரும் என்பது சமத்துவச் சட்டத்துக்கு அழகல்ல.

நீதிமன்றம் போகலாமா?

2006-இல் வட அயர்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்கிரீனிங் செய்யவில்லை என்பது போன்ற நடைமுறைத் தவறுகளுக்கு ஆணையத்திடம் புகார் கொடுப்பதே சட்டம் வகுத்த வழி என்றது. நீதிமன்றக் கதவை முழுதாகச் சாத்தவும் இல்லை. கடமையின் உள்ளடக்கத்தையே மீறினால் நீதிப் புனராய்வு, அதாவது பொது அமைப்பின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் வழக்கு, கேட்கலாம். கெடு மூன்று மாதம்.

அப்படி ஒரு வழக்கு 2017-இல் வென்றது. லிஸ்பர்ன் நகர மையத்தைப் புதுப்பித்தபோது நடைபாதையின் விளிம்புக்கல்லை 30 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தியிருந்தார்கள். பார்ப்பதற்கு அழகு, சக்கர நாற்காலிக்கு வசதி. பார்வையற்றவர் கதை வேறு. கைத்தடியின் முனையும் பாதமும் அந்த விளிம்பைத் தொட்டுத்தான் ‘இதற்கப்பால் வண்டி வரும் சாலை’ என்று உணர்கிறார். 60 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதை நம்பகமாக உணர முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருந்தன. பார்வையற்ற ஒரு பெண் வழக்குத் தொடர்ந்தார். உள்ளாட்சி பிரிவு 75-இன்படி உரிய கவனம் செலுத்தவில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். உயரம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்துச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை அல்ல. பார்வையற்றவர்களின் கவலை முன்வைக்கப்பட்டும் அது முறையாக எடைபோடப்படவில்லை என்பதே பிழை. ஒரு தீப்பெட்டியின் அகலம்கூட இல்லாத வித்தியாசம். ஒருவர் தனியாகக் கடைத்தெருவுக்குப் போவதா வேண்டாமா என்பதை அது தீர்மானித்தது.

எனக்கு வேலையில் பாகுபாடு நடந்தது. பிரிவு 75-இல் வழக்குப் போடலாமா?

வேண்டாம், அது தவறான கதவு. அதற்குத் தொழில் தீர்ப்பாயமோ, மதமும் அரசியல் கருத்தும் சார்ந்ததென்றால் நியாய வேலைவாய்ப்புத் தீர்ப்பாயமோ இருக்கின்றன. கெடு பொதுவாக மூன்று மாதம், ஆகவே ஆணையத்தின் ஆலோசனையை உடனே கேளுங்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தை இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சட்டம் பெரும்பாலும் வட அயர்லாந்துக்குப் பொருந்தாது. இங்கே பாகுபாட்டுக்கான சட்டங்கள் வகைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன.

பெல்ஃபாஸ்டில் ஆட்சியே இல்லாத காலங்களில் கடமை என்ன ஆகும்?

அப்படியே இருக்கும். 2002 முதல் 2007 வரை, 2017 முதல் 2020 வரை, 2022 முதல் 2024 வரை அமைச்சரவை இயங்கவில்லை. கடமை துறையின் மீதும் அமைப்பின் மீதும் இருப்பதால், அமைச்சர் நாற்காலி காலியாக இருந்தாலும் முடிவெடுக்கும் அதிகாரி அதைச் சுமக்க வேண்டும்.

வேல்ஸ், ஸ்காட்லாந்தில்?

வேல்ஸ் அமைச்சர்கள் தம் பணிகளை எல்லா மக்களுக்கும் சம வாய்ப்பு என்ற கொள்கைக்கு உரிய கவனம் தந்து செய்வதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2006 வேல்ஸ் அரசுச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டுதோறும் அறிக்கையும் வெளியிட வேண்டும். அங்கே வகைப் பட்டியல் இல்லை, ‘எல்லா மக்களும்’ என்பதே சொல். ஸ்காட்லாந்தில் சம வாய்ப்பு பெரும்பாலும் லண்டன் வைத்துக்கொண்ட துறை. ஆனால் ஏழ்மையால் வரும் ஏற்றத்தாழ்வைக் கருத்தில் கொள்ளும் கடமை ஸ்காட்லாந்தில் 2018-லும் வேல்ஸில் 2021-லும் வந்துவிட்டது. பிரிவு 75-இல் அந்த இடம் இன்னும் காலி.

ஒரு ஸ்கிரீனிங் படிவம் கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கடைசிப் பக்கத்தை. அங்கே கையெழுத்திட்டவர் யார், எந்தத் தேதி என்று இருக்கும். அதே முடிவை எடுத்த கூட்டத்தின் குறிப்பை அமைப்பின் இணையதளத்தில் தேடி எடுத்து, இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படிவத்தின் தேதி பிந்தியதாக இருந்தால், முன்பக்கங்களில் என்ன எழுதியிருந்தாலும், உங்கள் புகாரின் முதல் வரி கிடைத்துவிட்டது.